பாடியில் பிறந்த போல்ட் இருங்காட்டுக்கோட்டையில் ஏன் கழல்கிறது?

காலிப்பர் போல்ட் கழல்கிறது என்று யாராவது வாய்திறந்தால் போதும், நம்ம ஊர் டிராக் பசங்க உடனே லாக்டைட் பாட்டிலை நீட்டுவார்கள். நீலம் போடு. கேட்கலையா, சிவப்பு போடு. அதுக்கும் கேட்கலையா, தலையில் ஓட்டை போட்டுக் கம்பி கட்டு. வைத்தியம் இந்த வரிசையில்தான் நடக்கிறது. நோய் என்னவென்று மட்டும் யாரும் கேட்பதில்லை. என் கட்சி வேறு. சுத்தமான முகத்தில் உட்கார்ந்து, சரியான அளவுக்கு இறுகிய போல்ட் பசை இல்லாமலேயே பெரும்பாலும் நிற்கும். சரியாக உட்காராத போல்ட்டை எந்தப் பசையும் காப்பாற்றாது.

யாருக்காக எழுதுகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வாரம் முழுக்க அம்பத்தூர் ஓ.டி.யிலும் ஆவடி செக்போஸ்ட்டிலும் முதல் கியரில் ஊர்ந்துவிட்டு, அதே ஸ்விஃப்ட்டையோ போலோவையோ லீவு நாளில் டிராக்குக்கு எடுத்துப்போகிறவர்களுக்காக. டிரெய்லரில் ரேஸ் கார், கூடவே இரண்டு மெக்கானிக் என்று வருகிறவர்களுக்கு இதெல்லாம் அரிச்சுவடி. அவர்கள் இந்தப் பதிவைத் தாண்டிப் போகலாம்.

நம்ம பக்கத்துக்காரர்களுக்கு டிராக் ஒன்றும் தூரமில்லை. பூந்தமல்லி, நசரத்பேட்டை தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையில் போனால் ஸ்ரீபெரும்புதூர் வருவதற்கு முன்பே இருங்காட்டுக்கோட்டை. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் டிராக் அங்கே 1990 முதல் இருக்கிறது. அதற்கு முன்னால் பல பத்தாண்டுகள் ரேஸ் நடந்தது சோழவரத்தில், போர்க்காலத்து விமான ஓடுபாதையில். இருங்காட்டுக்கோட்டை ஒரு சுற்று 3.7 கிலோமீட்டர், 12 வளைவு. 2010-ல் போலோ கப் ஆரம்பித்த பிறகுதான், ரோட்டில் ஓடும் ஹேட்ச்பேக்கையும் இப்படி ஓட்டலாமே என்ற ஆசை நிறைய பேருக்கு வந்தது என்பது என் கணிப்பு.

வேடிக்கை என்னவென்றால், இந்தப் பிரச்சனைக்கு வேண்டிய சாமான் எல்லாமே எம்.டி.எச். (மெட்ராஸ்-திருவள்ளூர் ஹை) ரோட்டை ஒட்டியே பிறந்தவை. பிரேக்ஸ் இந்தியா பாடியில். போல்ட் செய்கிற சுந்தரம் ஃபாஸ்னர்ஸ் பாடியில். சக்கரம் செய்கிற வீல்ஸ் இந்தியா அதே பாடியில். பிரேக் லைனிங் செய்கிற ரானே அம்பத்தூர் எஸ்டேட்டில். எல்லாம் 1960-களில் தொடங்கிய கம்பெனிகள். நம்ம தெருவில் பாதி வீட்டில் யாராவது ஒரு பெரியவர் இதில் ஏதோ ஒன்றில் ஷிஃப்ட் பார்த்து ரிட்டயர் ஆனவராக இருப்பார். அவரிடம் போய்க் கேட்டாலே இந்தப் பதிவில் இருப்பதில் பாதியைச் சொல்லிவிடுவார். நாம்தான் கேட்பதில்லை; யூடியூப் பார்க்கிறோம்.

சரி, விஷயத்துக்கு வருவோம். போல்ட் குறுக்கே நின்று தன் உடம்பால் காலிப்பரைத் தாங்குகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நடப்பது வேறு. இறுக்கும்போது போல்ட் நீள்கிறது. நீண்ட உருக்கு பழைய நீளத்துக்குச் சுருங்கப் பார்க்கும். அந்த இழுவை காலிப்பர் பிராக்கெட்டையும், சக்கரத்தைத் தாங்கும் நக்கிளையும் ஒன்றோடொன்று வைத்து அழுத்துகிறது. பிரேக் பிடிக்கும்போது காலிப்பர் டிஸ்க்கோடு சேர்ந்து சுற்றிப் போகாமல் தடுப்பது அந்த இரண்டு முகங்களுக்கும் நடுவில் இருக்கும் உராய்வு. போல்ட்டின் வேலை அழுத்திக்கொண்டே இருப்பது, அவ்வளவுதான்.

எவ்வளவு அழுத்தம்? எம்12 அளவு, 10.9 கிரேடு போல்ட் ஒன்றை 110 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கினால் சுமார் 5 டன் இழுவை கிடைக்கும். இரண்டு போல்ட்டுக்கு 10 டன். உலோகத்துக்கு உலோகம் உராய்வு 0.15 என்று வைத்தால், அந்த இணைப்பு ஒன்றரை டன் வரை நழுவாமல் தாங்கும். இப்போது எதிர்ப்பக்கம். 1,100 கிலோ வண்டி, நல்ல டயர், டிராக்கில் முழு பலத்தோடு பிரேக். ஒரு முன்சக்கரக் காலிப்பரை டிஸ்க் இழுத்துப் போகப் பார்க்கும் விசை ஏறத்தாழ ஒரு டன். ஒன்றரைக்கு ஒன்று, தப்பித்தோம். ஆனால் போல்ட்டின் இழுவை பாதியாகக் குறைந்திருந்தால்? தாங்கும் திறன் முக்கால் டன். வருகிற விசை ஒரு டன். ஒவ்வொரு பிரேக்குக்கும் பிராக்கெட் இம்மி இம்மியாக நழுவ ஆரம்பிக்கும்.

அந்த இம்மி நழுவலில்தான் கதையே இருக்கிறது. அதிர்வு போல்ட்டை நீளவாக்கில் குலுக்கித்தான் கழற்றுகிறது என்று முன்பு நம்பினார்கள். கெர்ஹார்ட் யுங்கர் என்ற ஜெர்மன் பொறியாளர் 1969-ல் வெளியிட்ட ஆய்வில், குறுக்குவாக்கில் நடக்கும் நழுவல்தான் ஆபத்தானது என்று காட்டினார். இரண்டு முகங்களும் பக்கவாட்டில் நழுவும்போது மரையில் இருக்கும் உராய்வுப் பிடி அந்தக் கணத்துக்கு அற்றுப்போகிறது. மரை சரிவுதானே. பிடி போனதும் போல்ட் தானாகவே அந்தச் சரிவில் இறங்கப் பார்க்கும். ஒரு நழுவலுக்கு ஒரு டிகிரிகூட இருக்காது. நாள் முழுக்க எத்தனை பிரேக்! பெரும்பாலான ரோடு கார்களில் பிராக்கெட் போல்ட் அச்சுக்கு இணையாகப் போகிறது, பிரேக் விசை அதற்குக் குறுக்காக வருகிறது. கழல்வதற்கென்றே வடிவமைத்த மாதிரி ஒரு இடம்.

ஆகவே கேள்வி ஒன்றே ஒன்று: அந்த 5 டன் எங்கே போகிறது?

இதற்கு எனக்குக் கிடைத்த நல்ல பாடம் ஆவடி நண்பர் ஒருவரின் கார். சக்கரத்தின் ஸ்போக்குகளுக்கு நடுவே தெரிகிற மாதிரி காலிப்பருக்கு ரத்தச் சிவப்பில் பவுடர் கோட்டிங். பார்க்க ஜோர். டிராக்கில் முன் இடதுபக்க பிராக்கெட் போல்ட் திரும்பத் திரும்பத் தளர்ந்துகொண்டே இருந்தது. பெயின்ட் அடித்துக் கொடுத்த இடத்தில் போய்க் கேட்டால், "பைப் போட்டு இறுக்கியிருக்கோம் சார், இதுக்கு மேல டைட் பண்ணா மரை போயிடும்" என்று பதில். அம்பத்தூரில் நாங்கள் போகிற மெக்கானிக் அண்ணன் போல்ட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். தலையின் அடிப்பக்கம், வாஷர் முகத்தில், ஒரு வளையம் மட்டும் கண்ணாடி மாதிரி பளபளவென்று தேய்ந்திருந்தது. பிராக்கெட் காதில் போல்ட் உட்காரும் இடத்தில் சிவப்புப் பெயின்ட் நசுங்கி, விளிம்பில் பிதுங்கி, உதட்டைப் போல மடிந்து கிடந்தது. பிராக்கெட்டின் பின்முகத்தில், நக்கிளோடு ஒட்டும் பக்கத்திலும் அதே பெயின்ட். நடுவே செம்பழுப்பில் மாவு மாதிரி துரு. விரலால் தொட்டால் ஒட்டியது. அண்ணன் சொன்னது ஒரே வரி: "தம்பி, இரும்பு இரும்பு மேல உக்காரல. பெயின்ட் மேல உக்காந்திருக்கு."

கணக்கைப் பாருங்கள். 25 மில்லிமீட்டர் பிடிநீளமுள்ள போல்ட் 5 டன் இழுவைக்கு நீள்வது 0.07 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட ஒரு தலைமுடியின் கனம். பவுடர் கோட்டிங் ஒரு பக்கம் மட்டுமே அதற்குச் சமமான கனம் இருக்கும். பிரேக் சூட்டில் அந்தப் பெயின்ட் மெத்தென்று ஆகி நசுங்கினால், போல்ட் நீண்டு வைத்திருந்ததில் பெரும்பகுதி போய்விடும். போல்ட் ஒரு சுற்றுகூடத் திரும்பியிருக்காது. ஸ்பானர் வைத்துப் பார்த்தால் டைட்டாகத்தான் தோன்றும். இழுவை மட்டும் காணாமல் போயிருக்கும்.

பெயின்ட் ஒரு திருடன் என்றால், துரு, மணல், பிரேக் பொடி, உலோகப் பிசிறு எல்லாம் அவன் கூட்டாளிகள். பிராக்கெட் உட்காரும் முகத்தை வயர் பிரஷ்ஷும் தின்னரும் வைத்து வெறும் உலோகம் வரை துடையுங்கள். பெயின்ட் அடிக்கத்தான் வேண்டும் என்றால் முகத்திலும் போல்ட் தலை உட்காரும் இடத்திலும் டேப் ஒட்டிவிட்டு அடியுங்கள். மரைக்கும் இதே சுத்தம் வேண்டும். பழைய பசை காய்ந்து மரையில் துகளாக நிற்கும். அதை அப்படியே விட்டு இறுக்கினால் டார்க் ரெஞ்ச் கிளிக் சொல்லும், ஆனால் போல்ட் நீண்டிருக்காது.

அந்த கிளிக்கைப் பற்றி இரண்டு வார்த்தை. நாம் கையால் கொடுக்கும் முறுக்கில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் இழுவையாக மாறுகிறது. மிச்சமெல்லாம் தலைக்கு அடியிலும் மரையிலும் உராய்வில் கரைகிறது. அதனால் உராய்வு கொஞ்சம் மாறினாலும் இழுவை நிறைய மாறும். காய்ந்த மரைக்கு என்று மேனுவல் சொன்ன எண்ணை, காப்பர் கிரீஸ் தடவிய மரையில் அப்படியே கொடுத்தால் போல்ட் அளவுக்கு மீறி இழுபடும். பைப் மாட்டி இறுக்குகிறவருக்கு இந்தக் கவலையே இல்லை. அவர் போல்ட் நீண்டு நீண்டு திரும்பி வர முடியாத எல்லைக்குப் போயிருக்கலாம், அலுமினிய நக்கிளாக இருந்தால் மரையே உருவியிருக்கலாம். உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் அந்த போல்ட்டுக்கு என்ன எண் என்று பாருங்கள். வேறு வண்டியின் எண்ணை வாட்ஸாப்பில் வாங்கிப் போடாதீர்கள்.

டிராக் ஓட்டத்தில் இன்னொரு வில்லன் சூடு. இரும்பு பிராக்கெட், இரும்பு நக்கிள், உருக்கு போல்ட் என்றால் மூன்றும் ஏறத்தாழ ஒரே அளவு விரியும். அலுமினியக் காலிப்பர் மாட்டியவர்கள்தான் கவனிக்க வேண்டும். அலுமினியம் உருக்கைப்போல இரண்டு மடங்கு விரியும். 30 மில்லிமீட்டர் கனமுள்ள அலுமினியக் காது 100 டிகிரி சூடேறினால், போல்ட்டைவிட 0.03 மில்லிமீட்டர் கூடுதலாக விரிகிறது. ஏற்கெனவே நீண்டிருக்கும் போல்ட்டை அது மேலும் இழுக்கும், தலைக்கு அடியில் அலுமினியத்தை நசுக்கும். நசுங்கிய அலுமினியம் ஆறின பிறகு எழுந்திருக்காது. சூட்டில் டைட்டாக இருந்த போல்ட் மறுநாள் காலை வீட்டு வாசலில் லூஸாக இருப்பது இதனால்தான். கடினமான, தட்டையான, கொஞ்சம் அகலமான வாஷர் போட்டால் அழுத்தம் பரவும். செஷன் முடிந்து புகை வருகிற காலிப்பரில் டார்க் ரெஞ்ச் வைக்கிற பழக்கத்தையும் விடுங்கள்; ஆறினபின் பார்ப்பதுதான் கணக்கு.

இப்போது பசைக்கு வரலாம். பசைக்கு நான் விரோதியில்லை. நீல லாக்டைட் 243 சுமார் 180 டிகிரி வரை தாங்கும் என்று கம்பெனியே சொல்கிறது. பிராக்கெட் போல்ட் டிஸ்க்கிலிருந்து தள்ளி இருப்பதால் அதற்கு இது போதும். ஸ்லைடர் பின் போல்ட் இன்னும் சூட்டுக்குப் பக்கம். பசை காற்றில்லாத இடத்தில், உலோகத்தைத் தொட்டு இறுகுவது. மரையில் எண்ணெய் வழிந்தால் சரியாகப் பிடிக்காது, முழுதாக இறுக ஒரு நாள் வேண்டும். டிராக் வாசலில் பிட் லேனில் ஊற்றிவிட்டு அடுத்த செஷனுக்குப் போனால் அது வெறும் நீலத் தண்ணீர். இன்னொன்று: பசை போட்ட போல்ட்டை "சும்மா ஒரு செக்" என்று ரெஞ்ச் வைத்துத் திருப்பினால், இறுகியிருந்த பிடியை நாமே உடைக்கிறோம். சில வண்டிகளில் போல்ட்டே மரையில் பசைப்பூச்சோடு வரும். கழற்றினால் புதுசு போடச் சொல்லி மேனுவலிலேயே இருக்கும். அதன் விலையைப் பார்த்து யோசிக்கிறவர் ஒரு செட் பேடுக்கு எவ்வளவு கொடுத்தோம் என்பதை நினைத்துக்கொள்ளட்டும்.

ஸ்பிரிங் வாஷரைத் தூக்கிப் போடுங்கள். இறுக்கின அடுத்த நொடி அது தட்டையாகிவிடும். அதன் பிறகு அது வெறும் கீறல் விழுந்த வாஷர். நாசா 1990-ல் வெளியிட்ட ஃபாஸ்னர் கையேடே இந்த வாஷர் பூட்டுவதற்கு உதவாது என்று முடித்துவிட்டது. நைலான் வளையம் வைத்த நட்டும் இந்த இடத்துக்கு ஆகாது. 120 டிகிரி வாக்கில் நைலான் தளர ஆரம்பித்துவிடும். ஸ்டட்டும் நட்டும் இருக்கிற இடத்தில், முழுக்க உலோகத்தாலான லாக் நட்தான் சரி. ஆப்பு வாஷர் என்று ஜோடியாக வருவது நல்ல சரக்கு. போல்ட் பின்னால் சுற்றப் பார்த்தால் வாஷரின் சரிவு அதை இன்னும் இழுத்துப் பிடிக்கும். அலுமினியத்தில் மட்டும் அது பல் பதித்துக் குதறிவிடும்.

கம்பி கட்டுவது? பைக் ரேஸ்காரர்களுக்கு அது பழக்கம். டிரெயின் போல்ட், ஆயில் ஃபில்டர், காலிப்பர் என்று எல்லாவற்றுக்கும் கட்டுவார்கள். முறுக்கின கம்பி போல்ட்டை இறுகும் திசைக்கு இழுத்தபடி நிற்க வேண்டும். எதிர்த்திசையில் கட்டியிருப்பதையும் பார்த்திருக்கிறேன், தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றும். சரியாகக் கட்டினாலும் கம்பி இழுவையைக் காப்பதில்லை. போல்ட் முழுக்கக் கழன்று ரோட்டில் விழாமல் தடுக்கும், அவ்வளவே. அதற்காக 10.9 போல்ட்டின் தலையில் மெஷின் இல்லாமல் கை டிரில் வைத்து ஓட்டை போடாதீர்கள்.

பிராக்கெட்டையே பேசிக்கொண்டிருந்தால் ஸ்லைடர் பின் கோபித்துக்கொள்ளும். மிதக்கும் காலிப்பரில் பின் சுலபமாக நகர வேண்டும். டிராக் சூட்டில் ரப்பர் பூட் பொரிந்து கிழியும், உள்ளே கிரீஸ் காய்ந்து பிசினாகும், பின் இறுகும், பேட் ஒரு பக்கம் சரிந்து தேயும், அதிர்வு கூடும், அந்த அதிர்வு போய் போல்ட்டைத் தாக்கும். பின்னுக்கு சிலிக்கான் பிரேக் கிரீஸ்தான் போட வேண்டும். பேரிங் கிரீஸ் வைத்தால் ரப்பர் உப்பி பின்னைப் பிடித்துக்கொள்ளும். ரப்பர் புஷ் வைத்த பின் மேலேயா கீழேயா என்பதைக் கழற்றும்போதே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். நாலு பிஸ்டன் காலிப்பராக இருந்தால் பேட் பின்னையும் அதை நிறுத்துகிற ஆர் கிளிப்பையும் பாருங்கள். கிளிப் சூட்டில் தன் ஸ்பிரிங் குணத்தை இழந்துவிடும். கையால் இழுத்தால் சோம்பலாக வருகிற கிளிப்பை மாற்றிவிடுங்கள், இருபது ரூபாய் சமாச்சாரம்.

இதெல்லாம் சின்னப் பசங்க விஷயம், கம்பெனி வண்டிக்கு வராது என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். 2021 ஜூனில் டெஸ்லா அமெரிக்காவில் கிட்டத்தட்ட 6,000 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. காரணம், காலிப்பர் போல்ட் சரியான அளவுக்கு இறுக்கப்படாமல் இருக்கலாம் என்பது. போல்ட் கழன்றால் காலிப்பர் சக்கரத்தின் உட்பக்கத்தில் உரசி டயர் காற்று இறங்கலாம் என்பதுதான் அவர்கள் பயந்தது. ரிவர்ஸில் பிரேக் பிடிக்கும்போது 'டொக்' என்று ஒரு சத்தம், ரிம்மின் உட்பக்கம் புதுக் கீறல்: இந்த இரண்டில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கு டிராக் ஆசையை விட்டுவிடுங்கள்.

புது போல்ட் வாங்கும்போது தலையைப் பாருங்கள். கிரேடு எண்ணும் தயாரித்தவர் குறியும் இரண்டுமே இருக்க வேண்டும். டிவிஎஸ் என்று பொறித்த சரக்கு அம்பத்தூர் எஸ்டேட் கடைகளிலேயே கிடைக்கும். எண் மட்டும் இருந்து குறி இல்லாத போல்ட்டை அலமாரி மாட்ட வைத்துக்கொள்ளுங்கள். புதுப்பேட்டையில் காலிப்பர் வாங்கினீர்களா, பரவாயில்லை, கூடவே வருகிற பழைய போல்ட்டை அங்கேயே போட்டுவிட்டு வாருங்கள். 10.9 இருந்த இடத்தில் 12.9 போட்டால் இன்னும் பலம்தானே என்று கேட்பார்கள். கடினம் கூடக் கூட நொறுங்கும் குணமும் கூடும். துத்தநாக முலாம் பூசும்போது உள்ளே போகிற ஹைட்ரஜன் அதை இன்னும் மோசமாக்கும். வண்டி செய்தவன் 10.9 போட்டான் என்றால் 10.9 போடுங்கள்.

டிராக் நாளுக்கு என் பழக்கம் இது. முந்தின நாள், வண்டி ஆறியிருக்கும்போது, பசை போடாத போல்ட்டை மேனுவல் எண்ணுக்கு வைத்துக் கிளிக் கேட்கிறேன். கிளிக் வருவதற்கு முன் போல்ட் நகர்ந்தால், நகர்ந்ததை இறுக்கிவிட்டுப் போவதில்லை. கழற்றி முகத்தைப் பார்க்கிறேன். பிறகு வெள்ளைப் பெயின்ட் பேனாவால் போல்ட் தலையிலிருந்து பிராக்கெட் வரை ஒரே கோடு. மெல்லிய கோடு போதும். தடித்த கோட்டில் சின்ன நகர்வு தெரியாது. செஷனுக்கு நடுவே ஸ்போக் வழியாக டார்ச் அடித்துக் கோடு நேராக இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பேன். கோடு உடையாமலேயே இழுவை போக முடியும் என்பதைப் பெயின்ட் கதையில் பார்த்தோமே, அதனால் வீட்டுக்கு வந்து மறுநாள் ஆறின பிறகு மறுபடி ஒரு கிளிக். புதுப் பேட் போட்ட வாரம் இதை விடவே மாட்டேன், அப்போதுதான் எல்லாவற்றையும் கழற்றி மாட்டியிருப்போம்.

டார்க் ரெஞ்ச் இரண்டு வேண்டும். ஸ்லைடர் பின்னுக்கு 30-க்குப் பக்கம் வேலை, பிராக்கெட்டுக்கு 100-க்குப் பக்கம். பெரிய ரெஞ்சின் அடிமட்ட எண்களை நம்ப முடியாது. வேலை முடிந்ததும் ஸ்பிரிங்கைக் குறைந்தபட்ச எண்ணுக்கு இறக்கி வையுங்கள். வருடத்துக்கு ஒருமுறை எஸ்டேட்டில் இருக்கும் காலிபரேஷன் லேபில் கொடுத்துச் சரிபாருங்கள். என்னிடம் கடன் மட்டும் கேட்காதீர்கள். கடன் போன டார்க் ரெஞ்ச் துருப்பிடித்த வீல் நட்டைக் கழற்றிவிட்டுத்தான் வீடு திரும்பும், கூடவே இரண்டு இடத்தில் சுத்தியலாகவும் வேலை பார்த்திருக்கும்.